பகலில் தூங்கியவன் மகளுக்கு எழுதுவது

எஸ்தர் கண்ணு, அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படி. இது நீளமான கடிதம். நலம், நலமறிய ஆவல் என்பதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பேசி முடித்துவிட்டோம். நலமில்லை என்றுதான் நீ சொன்னாய். ஜோயலை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன இடத்தில் அவன் பெயரைக் கேட்டார்களாம், வாயே திறக்கவில்லையாம். படத்தைக் காட்டி இது என்ன என்றார்களாம், அதற்கும் பதில் இல்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். காது டாக்டரோ காதில் ஒரு கோளாறும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் உன் மாமியார், "எங்க பக்கத்துல யாரும் இப்படி இல்லயே" என்றாராம். மாமியார் என்றால் அப்படி ஒன்று சொல்லத்தான் செய்வார், அதை விடு. அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அவங்க சொல்றதுல இன்னா நைனா தப்பு? நானே மூணு வயசு வரிக்கும் பேசலன்னு அம்மா சொல்லும். நம்ம ரத்தமே மந்தம். அதான் என் புள்ளைக்கும் வந்துகீது" என்றாய்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "சாப்ட்டியா?" என்று கேட்டேன். பிறகு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் புதுவாயல் கூட்டு ரோடு வரைக்கும் நடந்து போய் ஒரு டீ குடித்தேன். டீக்கடைக்காரன், "இன்னாண்ணா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றான். அவனுக்கும் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால்தான் எழுதுகிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது. நீ மூன்று வயது வரை பேசாததற்குக் காரணம் ரத்தம் இல்லை, நான்தான். இத்தனை வருஷம் இதை உன்னிடம் மறைத்தேன். அந்தப் பழியை நீ ரத்தத்தின் மேல் போட்டு, ரத்தத்திலிருந்து உன் பிள்ளையின் மேல் போடுகிறாய் என்று தெரிந்த பிறகும் மறைத்தால் நான் மனிதனே இல்லை.

நாம் இருந்த கம்பெனி லைன் வீடு உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதிலேயே அடுப்பு, அதிலேயே துணிக்கொடி, அதிலேயே நாம் மூன்று பேர். அப்படி எட்டு வீடுகள் ஒட்டிக்கொண்டு ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நின்றன. ஆண்கள் எல்லோரும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆலைகளில் வேலை. நான் ரோலிங் மில்லில் இருந்தேன். உலையிலிருந்து கம்பி செக்கச்செவேல் என்று ஓடிவரும். அதை இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குள் விட வேண்டும். இமை மூடித் திறக்கும் நேரம் தப்பினாலும் கம்பி நம் பக்கம் திரும்பிவிடும். இரண்டு வாரம் நைட் ஷிப்ட், ஒரு வாரம் பகல். என் பக்கத்தில் நின்ற தாமஸ், தன் தங்கச்சி கல்யாண வேலையில் இரண்டு நாள் பகலில் தூங்காமல் வேலைக்கு வந்தான். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அன்றிலிருந்து லைனில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் புருஷனின் தூக்கம்தான் முதல் வேலை. சோறு பிந்தினாலும் பரவாயில்லை, தூக்கம் கெடக் கூடாது.

அதற்கென்று ஒரு வழக்கம்கூட இருந்தது. கதவின் மேல் ஈரத் துண்டு தொங்கினால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். மீன்காரம்மா அந்த வாசலைத் தாண்டும்வரை கூவ மாட்டாள். குழாயடியில் குடத்தை மெதுவாக வைப்பார்கள். சண்டை போடுகிறவர்கள்கூட கல்கத்தா ரோடு வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார்கள். இதெல்லாம் எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. ஊரே நமக்காகச் சத்தமில்லாமல் நடக்கிறது என்று நினைப்பு. துண்டு தொங்குகிற வீட்டுக்குள்ளே தவழ்கிற குழந்தை என்ன செய்யும் என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

உனக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். நான் ஷிப்ட் முடித்து வந்து கண் அசந்த நேரம். நீ ஒரு சில்வர் டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டு "நைனா, நைனா" என்று கூப்பிட்டாய். அது என்னைத்தான் கூப்பிடுகிறது என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. வெறும் சத்தமாகத்தான் கேட்டது. எழுந்து உன் கன்னத்தில் ஒரு அறை விட்டேன். பலமாகவா என்று கேட்காதே. உலைக்கு முன்னால் இடுக்கி பிடித்த கை. உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். நான் மறுபடி படுத்துத் தூங்கினேன். தூக்கம் வந்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. உன் அம்மா உன்னிடம் கதை சொல்லும்போது நீ லேட்டாகப் பேசினாய் என்று மட்டும் சொல்லி, நான் அறைந்ததை விட்டுவிட்டாள். எனக்காகத்தான் விட்டாள்.

அதற்குப் பிறகு நீ சத்தம் போடவே இல்லை. பசித்தால் அம்மாவின் புடவையை இழுப்பாய். விழுந்து அடிபட்டால்கூட வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுவாய். உன் அம்மா உதட்டில் விரல் வைத்தால் நீயும் விரல் வைப்பாய். லைனில் உள்ளவர்கள், "இன்னா சமத்து உன் பொண்ணு, இருக்கிற எடமே தெரியல" என்பார்கள். நான் மீசையைத் தடவிக்கொள்வேன். பிறகு உன்னைப் பால்வாடியில் விட்டோம். அந்த டீச்சர் நல்ல மாதிரி, கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆனாலும் ஒருநாள் உன் அம்மாவிடம், "இத பாரு எஸ்தரம்மா, கம்பெனி லைன் பசங்க எல்லாமே இப்படித்தான் கீது. வாயத் தொறக்காது, ஒண்ணு கேட்டா முழிக்கும். படிப்பு ஏறுமான்னு தெரியல, மனச விட்டுடாத" என்று சொன்னாராம். மனம் விடவில்லை நான். அது எனக்குப் புதிய செய்தியே இல்லை. உன் தாத்தா ஆரணி ஆற்றங்கரைப் பக்கம் அடுத்தவர் நெல் வயலில் கூலி வேலை செய்தவர். நான் எட்டாம் வகுப்பு முடித்தபோது அந்த நிலத்துக்காரர், "படிப்பெல்லாம் ரத்தத்துல இருக்கணும்டா, உங்களுக்கு எதுக்கு?" என்றார். உன் தாத்தா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு என்னை நிறுத்திவிட்டார். அந்த வார்த்தையைத்தான் போன வாரம் நீ எனக்குத் திருப்பிச் சொன்னாய் கண்ணு. அது நம் வீட்டு வார்த்தை இல்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்ததே வருகிறது. உனக்கு மூன்று வயது ஆக நாலைந்து மாதம் இருக்கும்போது எங்கள் மெயின்டனன்ஸ் என்ஜினியர் வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. அந்த வாரம் அவருக்கும் நைட் ஷிப்ட். காலையில் வெளியே வரும்போது, "வந்து கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று கூப்பிட்டார். போனேன். அவர் குளித்துவிட்டு உள்ளறைக்குத் தூங்கப் போய்விட்டார். நான் சமையற்கட்டுக்கு வெளியே உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் மனைவி யாரிடமோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார். "இதோ அம்மா வெங்காயம் எடுத்துட்டேன். இது பெரிசு, இது சின்னது. தோல உரிக்கலாமா? உள்ள வெள்ளையா இருக்கு பாரு. ஐயோ, அம்மாவுக்குக் கண்ணு எரியுது, அழறேன் பாரு." பக்கத்து வீட்டுப் பெண்மணி வந்திருக்கிறார் போல என்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. தரையில் ஒரு கைக்குழந்தை, வயது ஒன்றுகூட ஆகியிருக்காது. வாயில் எச்சில் ஒழுக அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினால் அது "ங்ஆ" என்றது. அவர் உடனே, "ஆமா, நீ சொல்றது சரிதான்" என்று பதில் சொல்லி மறுபடி ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லே முளைக்காத பிள்ளைக்கு வெங்காய நிலவரம் சொல்கிறாரே என்று. அப்புறம் பயம் வந்தது. "மேடம், சார் தூங்குறாரே" என்று மெதுவாகச் சொன்னேன். அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. "அவர் உள்ள தூங்கறார், கதவு சாத்தியிருக்கே. கேக்காது" என்றார். நான் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தேன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், வெள்ளையடித்தது. அதற்கு அந்தப் பக்கம் என்னைப் போலவே இரவெல்லாம் விழித்த ஒரு ஆள் தூங்குகிறார். இந்தப் பக்கம் ஒரு குழந்தை பெரிசு, சின்னது, வெள்ளை, எரிச்சல், அழுகை எல்லாவற்றையும் காதால் குடித்துக்கொண்டிருக்கிறது. அவரும் நைட் ஷிப்ட், நானும் நைட் ஷிப்ட். அவர் ரத்தமும் சிவப்புதான், மெஷின் கிழித்து நான் பார்த்திருக்கிறேன். நடுவில் இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். போகும்போது யாரும் பார்க்காமல் உள்ளங்கையால் அதைத் தட்டிப் பார்த்தேன். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கை தானாகச் சுவருக்குப் போகும், நீ கேலி செய்வாயே, அது அன்றைக்குத் தொற்றிய பழக்கம்.

மோட்டார் வேலை முடிய வெயில் ஏறிவிட்டது. நான் ஓவர்டைமில் இருக்கிறேன் என்று உன் அம்மா நினைத்திருக்கிறாள். வீட்டில் ஆள் இல்லாததால் கதவில் துண்டு இல்லை, கதவும் திறந்திருந்தது. அவள் குழாயடியில் இருந்தாள். நான் வாசலுக்கு வந்தபோது உள்ளே ஒரு குழந்தை பேசும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் எஸ்தர், என் பெண்ணின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ மரக்கரண்டிக்குத் துணி சுற்றி மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாயில் விரல் வைத்து, "ஷ்… பேசாத. நைனா தூங்குது. பேசினா நைனா அடிக்கும். தூங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். தெளிவாக, ஒரு எழுத்து பிசகாமல். நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அம்மா குடத்தோடு வந்து என்னைப் பார்த்துப் பதறிப்போனாள். "நீ இல்லாதப்ப கொஞ்சம் கொஞ்சம் பேசிக்கினு இருக்கும்யா. உன்கிட்ட சொன்னா கோவிப்பியோன்னு சொல்லல" என்றாள். அவளும் எனக்குப் பயந்துதான் இருந்திருக்கிறாள். என்னை உலுக்கியது அது மட்டும் இல்லை. மூன்று வயது ஆகாத ஒரு பிள்ளை வீட்டு நிலவரத்தை முழுதாகப் புரிந்துகொண்டு, எங்கே பேசலாம், எங்கே பேசக் கூடாது, பேசினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டு, பால்வாடியிலும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறதே. மந்தமான தலைக்கு இது வருமா? அந்தத் தலை எத்தனை வேலை பார்த்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அதனிடம் இருந்த வார்த்தைகள் எவை என்றும் பார். பேசாத, தூங்கு, அடிக்கும். நாங்கள் கொடுத்தது அவ்வளவுதான். அந்த என்ஜினியர் வீட்டுக் குழந்தைக்கு ஒரு காலை வேளையில் கிடைத்தது உனக்கு ஒரு மாதத்தில்கூடக் கிடைத்திருக்காது. கிடைத்த கொஞ்சத்தை வைத்து நீ ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறாய்.

ஒன்பது இஞ்ச் சுவர் எழுப்ப எங்கள் பத்துக்குப் பத்தில் இடமில்லை. சுவர் வர முடியாது என்றால் நான் போக வேண்டும் என்று தோன்றியது. நம் சர்ச் உபதேசியாரிடம் போய், "ஐயா, வார நாள்ல காலைல கோயில் சும்மாதானே கீது, நான் வந்து ஒரு ஓரமா படுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து நேராகச் சர்ச்சுக்குப் போவேன். பின்னாலிருந்து மூன்றாவது பெஞ்ச், மின்விசிறிக்குக் கீழே. மதியம் வரை அங்கேதான் தூக்கம். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு நான் ஆலயத்துக்குள் போவதும் நாலைந்து மணி நேரம் கழித்து வருவதும்தான் தெரியும். ஊரில் எனக்குப் பெரிய பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சபை போதகர் ஐயரே, தினமும் ஆலயத்தில் காத்திருக்கும் ஒரு சகோதரரைப் பாருங்கள் என்று என்னைக் காட்டிப் பேசினார். பெருக்குகிற அம்மா பின்னாலிருந்து, "காத்துக்கினுதான் இருக்காரு, கொறட்டை உட்டுக்கினு" என்று சொன்னது பாதி சபைக்குக் கேட்டது. உன் அம்மா வெட்கத்தில் என் தொடையைக் கிள்ளிய இடம் பத்து நாள் கன்றிப்போய் இருந்தது.

வீட்டில் துண்டு தொங்குவது நின்றது. ஆனால் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் அப்பா என்னிடம் பேசியதெல்லாம் வா, போ, எடு, வை. அதனால் அந்த என்ஜினியர் வீட்டம்மா செய்ததையே காப்பியடித்தேன். கை என்ன செய்கிறதோ அதை வாய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மதியம் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே ஆரம்பிப்பேன். "நைனா வந்துட்டேன். ஷூ கழட்றேன். ஒரு ஷூ, ரெண்டு ஷூ. உள்ள இன்னா கீது? மண்ணு. கொட்டிட்டேன்." நீ கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்ப்பாய். உன் அம்மா, "தே, இந்தாளுக்கு இன்னா ஆச்சு? கிரிக்கெட்டு கமென்ட்ரி மாதிரி ஊட்டையே ஓட்டிக்கினு கீறாரு" என்பாள். லைன் முழுக்கச் சிரித்தார்கள். தாமஸ் மூன்று விரல் இல்லாத கையால் என் முதுகில் தட்டி, "ராத்திரி சூட்டுல மண்டை காஞ்சிடுச்சா மச்சான்?" என்றான். நான் விடவில்லை. இருபது நாளோ ஒரு மாதமோ, கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் நான் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றே இல்லை, நிஜமாகவே களைப்பில் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "நைனா, இன்னொரு ஷூ?" என்று ஒரு குரல் வந்தது. நான் அழுததை நீ பார்த்தாய். "தண்ணி" என்று சொல்லி என் கன்னத்தைத் தொட்டாய். உன்னை நான் அறைந்த அதே பக்கத்துக் கன்னம் அது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? மடை திறந்தது போல என்பார்களே, அதுதான். உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துப் புதுவாயல் கூட்டு ரோட்டுக்குக் கூட்டிப்போவேன். கல்கத்தா ரோட்டில் லாரிக்குப் பஞ்சமில்லை. நம்பர் பலகையைக் காட்டி, இது ஏ.பி., ஆந்திரா வண்டி, இது டபிள்யூ.பி., கல்கத்தா வண்டி, இது ஓ.ஆர்., ஒரிசா வண்டி என்று சொல்வேன். எனக்குத் தெரிந்த ஏபிசிடி அவ்வளவுதான். நாலு வயது ஆகும் முன்னால் தூரத்தில் வருகிற லாரியை நீயே சொல்ல ஆரம்பித்தாய். டீக்கடையில் டிரைவர்கள் உனக்கு பன் வாங்கிக் கொடுப்பார்கள். ஒருநாள் வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு என் சட்டையை இழுத்து, "நைனா, லோடு வண்டி மெதுவா போவுது. சும்மா வண்டி வேகமா போவுது" என்றாய். ஆமா என்றேன். "நீ வேலைக்குப் போ சொல்லோ வேகமா போற. வர சொல்லோ மெதுவா வர. ஊட்டுக்கு லோடு எடுத்துக்கினு வரியா?" என்றாய். கையில் இருந்த டீ ஆறிப்போனது. ஐம்பது வயது டிரைவர் ஒருவர் எழுந்து நின்று உன்னைப் பார்த்தார். "இன்னாமா பேசுது கொயந்த" என்றார்.

அந்தத் தலையைத்தான் படிப்பு ஏறாது என்று நினைத்தோம். பிறகு நீ பி.எஸ்சி. முடித்து லேப் வேலைக்குப் போனதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. எனக்கு அதைவிட அந்த லாரிக் கேள்விதான் பெரிது. அறிவு எந்த வயதில் எப்படி வளர்கிறது என்று படித்தவர்கள் ஆயிரம் சொல்வார்கள், எனக்கு அது தெரியாது. பணமும் இடமும் இல்லாத வீட்டில் குழந்தைக்குச் சோறு குறைவதைப் பார்க்கிறோம், துணி குறைவதைப் பார்க்கிறோம். பேச்சு குறைவதை யாரும் பார்ப்பதில்லை. லைனில் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு எட்டு ரத்தமா காரணம்? எட்டு கதவில் தொங்கிய துண்டுதான். அதற்காக அந்தப் பெண்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வராது. பிள்ளையின் பேச்சா, புருஷனின் விரலா என்று தேர்ந்தெடுக்க வைத்தால் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். போன மாதம் ஆவடிக்கு வந்து உன்னோடு நான்கு நாள் இருந்தேனே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாப்பிள்ளை வெளிநாட்டுக் கம்பெனிக்கு ராத்திரியில் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறார். நல்ல மனிதர், உழைப்பாளி, அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டி.வி. ஓடியது, சத்தமில்லாமல். ஜோயல் மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதிலும் சத்தமில்லை. நீ சமையற்கட்டில் பாத்திரத்தை எவ்வளவு மெதுவாக வைக்கிறாய் என்று பார்த்தேன். நான் ஏதோ பேச வாயெடுத்தபோது நீ உதட்டில் விரல் வைத்து, "அவரு தூங்குறாரு நைனா" என்றாய். மூலையிலிருந்து ஜோயலும் உதட்டில் விரல் வைத்தான். என் கை வழக்கம்போல உன் வீட்டுச் சுவருக்குப் போனது. தட்டினேன். நல்ல கெட்டிச் சுவர் எஸ்தர். கதவும் நல்ல கதவு. உள்ளறையில் ஏ.சி. வேறு ஓடுகிறது. நீ பாட்டே பாடினாலும் மாப்பிள்ளைக்குக் கேட்காது. அன்றைக்கு நமக்கு இல்லாத சுவர் உனக்கு இருக்கிறது. ஆனால் உனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் உனக்கு விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். என்னிடமிருந்து ஜோயலுக்கு வந்திருப்பது அந்த விரல்தான்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காது டாக்டர் பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தாரே, அதை ஒருநாளும் விடாதே. வேறு ஏதாவது காரணம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கட்டும். அது அவர்கள் வேலை. என்னால் ஆன வேலையை நான் செய்கிறேன். ஓய்வு பெற்றவனுக்குப் பகலெல்லாம் சும்மாதான். மாப்பிள்ளையிடம் நானே பேசிக்கொள்கிறேன். சர்ச் சாவி எல்லாம் அவருக்குத் தேவைப்படாது, கதவைச் சாத்தினால் போதும். உன் மாமியார் எதிரில் மட்டும் ரத்தம் என்ற வார்த்தையை இனி எடுக்காதே. கேட்டால், என் அப்பன் ஒரு முரடன், அவனால் வந்தது என்று சொல். பொய்யில்லை. நான் அறைந்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டியது, இத்தனை தாமதமாக வருகிறது.

திங்கட்கிழமை காலை கவரைப்பேட்டையில் முதல் வண்டி ஏறி, பேசின் பிரிட்ஜில் மாறி ஆவடிக்கு வருகிறேன். உன் வாசல் கதவில், பெல் அடிக்க வேண்டாம் என்று நீ எழுதி ஒட்டியிருக்கும் சீட்டைப் போன மாதமே பார்த்தேன். நம் லைன் வீட்டு ஈரத் துண்டுதான் அது, காகிதத்தில். கிழிக்கச் சொல்லவில்லை, நீயாகக் கிழிக்கும்போது கிழி. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பதால் எனக்கு அதைப் படிக்கத் தெரியாது என்று வைத்துக்கொள். நான் பெல் அடிப்பேன், இரண்டு தடவை. நீ உடனே ஓடிவந்து திறக்காதே. ஜோயல் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கட்டும். நான் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்: தாத்தா வந்துட்டேன், பையக் கீழ வெச்சேன், ஒரு செருப்பு கழட்டிட்டேன். இன்னொரு செருப்பை அவன் கேட்கிறவரை கழற்ற மாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

உன் நைனா